பணிமூப்புப்படி ஐ.பி. எண்

சாராளின் வேலை மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. புதுவாயலைத் தாண்டி இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளியில் அவள் கணினி ஆய்வகப் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்பது கதவில் ஒட்டியிருக்கிற பேர். கோப்பில் இருக்கிற பேர் ஒப்பந்தப் பணியாளர். வருடா வருடம் புதுப்பிப்புப் படிவம் ஒன்று வரும், தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார், கதை முடிந்தது. இந்த வருடம் மேலே யாருக்கோ திடீரென்று சுறுசுறுப்பு வந்துவிட்டது. பள்ளிகளில் கணினி வலைப்பின்னலை நிர்வகிப்பது எப்படி என்று ஆசிரியர்கள் எல்லாருக்கும் ஐந்து நாள் நேரடிச் செயல்முறைப் பயிற்சி என்றார்கள். கடைசி நாள் தேர்வு. ஆய்வகத்தில் ஆளுக்கொன்றாக இருபது கணினிகளையும், வருகிற அதிகாரியின் மடிக்கணினியையும் ஒரே வலையில் இணைத்துப் பத்து நிமிடம் அறுபடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால்தான் படிவம் செல்லும். தேறாவிட்டால் சாராள் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டைப் பார்த்துப் போகலாம். பயிற்சிக்கு உட்கார்ந்த மற்ற பத்தொன்பது பேருக்கும் தேறினாலும் ஒன்றுதான், தேறாவிட்டாலும் ஒன்றுதான். அவர்கள் சம்பளம் எந்த வயரிலும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

தலைமையாசிரியர் அன்புராஜுக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம். அவர் மேசையிலும் ஒரு கணினி உண்டு. காலையில் வந்ததும் அதன் உறையை எடுத்து நாலாக மடித்து வைப்பார். மாலையில் பிரித்துத் திரும்பப் போடுவார். நடுவில் அதற்கு வேறு வேலை கிடையாது. அவருக்கு வருகிற மின்னஞ்சலை எல்லாம் ஆய்வகத்தில் சாராள்தான் திறந்து, அச்செடுத்து, கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் காகிதத்தில் படித்து, காகிதத்தில் பதில் எழுதிக் கொடுக்க, அவள் திரும்ப வந்து தட்டச்சு செய்து அனுப்புவாள். இதற்குப் பள்ளியில் மின்னணு நிர்வாகம் என்று பேர்.

முதல் நாள் பயிற்சி கொடுக்க வந்தவர் பேர் விமல். ஒரு கம்பெனி அனுப்பிய ஆள், முப்பது வயதிருக்கும். வேப்பம்பட்டில் ரயில் ஏறி, இரண்டு பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். கையில் நூற்று நாற்பது ஸ்லைடும் ஒரே ஒரு கிரிம்பிங் டூலும் இருந்தன. கேபிளின் முனையில் கனெக்டரை மாட்டி நசுக்குகிற இடுக்கி அது. இருபது பேருக்கு ஒரு இடுக்கி என்றால் அதைத்தான் செயல்முறை என்று சொல்லியிருக்கிறார்கள் போல. குத்துவிளக்கு ஏற்றினார்கள். விமலுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு ஒவ்வொருவராக இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதற்கே மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

உதவித் தலைமையாசிரியை கல்பனா இடுக்கியை வாங்கியதும் சாராளிடம் நீட்டிவிட்டார்.

"எனக்குக் கழுத்து வலிம்மா. நீ செய், நான் பாத்துக்கினே கத்துக்கறேன்."

இரண்டாம் நாள் முடிவதற்குள் அறுபது கனெக்டர்கள் நசுங்கிப் போயின. ஒரு கேபிள்கூட உருவாகவில்லை. தேவை இருபத்தொன்று. சாராள் சாப்பாட்டு இடைவேளையில் டிபன் டப்பாவைத் திறக்காமலே இருபத்தொன்றையும் போட்டு முடித்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூன்று வருடம் கம்பெனி கம்பெனியாகக் கேபிள் இழுத்தவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. அடுத்து மேசைகளுக்கு அடியில் நுழைந்து கேபிள்களை இழுக்க வேண்டும் என்று விமல் சொன்னதும், பத்தொன்பது தலைகளும் ஒரே சமயத்தில் சாராள் பக்கம் திரும்பின. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அன்புராஜின் ஊர் வயல்களில் சாராளின் அப்பா வழி ஆட்கள் நாலு தலைமுறையாகக் கூலிக்கு இறங்கியவர்கள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் அதைப் பேசுகிற வழக்கம் இல்லை. குனிகிற வேலை வரும்போது மட்டும் எல்லாருக்கும் தானாக ஞாபகம் வந்துவிடும். சாராள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு மேசைக்கடியில் நுழைந்தாள். அன்றைய நாளின் நேரடிச் செயல்முறை அது.

மூன்றாம் நாள்தான் வம்பு ஆரம்பித்தது.

"ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு ஐ.பி. நம்பர் உண்டு சார்" என்றார் விமல். "வீட்டுக் கதவு நம்பர் மாதிரி. முன்னாடி இருக்கற மூணு பகுதியும் எல்லாருக்கும் ஒண்ணுதான், கடைசி நம்பர்தான் ஆளாளுக்கு மாறும். ரவுட்டருக்கு ஒண்ணு. நீங்க எல்லாம் ரெண்டுலேர்ந்து ஆரம்பிச்சிக்கலாம்."

அன்புராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய கணினியைப் பயிற்சிக்கென்று அறையிலிருந்து தூக்கிவந்து ஆய்வகத்தின் முன்வரிசையில் தனி மேசை போட்டு, துணி விரித்து வைத்திருந்தார்கள்.

"ரவுட்டர்னா எது தம்பி?"

"இந்த டப்பா சார். இன்டர்நெட் இது வழியாத்தான் வரும், போகும்."

"இந்த டப்பா ஒண்ணு. நான் ரெண்டு. அப்டித்தானே சொல்ற?"

விமலுக்கு விபரீதம் புரியவில்லை. ஆமாம் சார் என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டார்.

சாராள் இடையில் புகுந்தாள். "சார், நம்பர நாம குடுக்கவே வாணாம். ரவுட்டரே தானா எல்லாருக்கும் ஒண்ணொண்ணு குடுத்துடும். அதான் எல்லா எடத்துலயும் வழக்கம்."

"டப்பா குடுக்குமா?" அன்புராஜின் குரல் ஏறியது. "யாரு எப்ப சர்வீஸ்ல சேந்தாங்கன்னு அதுக்குத் தெரியுமா? நேத்து வந்தவனுக்கு அஞ்சு, எனக்கு பதினெட்டுன்னு குடுத்தா யாரு கேக்கறது?"

பயிற்சி அங்கேயே நின்றது. ஆசிரியர் கூட்டம் கூடியது. பணிமூப்புப் பட்டியல் பீரோவிலிருந்து இறங்கியது. உலகத்தில் வேறு எந்த வலைப்பின்னலும் பணிமூப்புப்படி எண் போடப்பட்டிருக்காது. அந்தப் பெருமை இந்தப் பள்ளிக்கே உரியது. அன்புராஜுக்கு ஒன்று, கல்பனாவுக்கு இரண்டு என்று ஆறு எண்கள்வரை சுமுகமாகப் போயிற்று. ஏழில் தகராறு. பீட்டரும் குணாவும் ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்கள். ஒருவர் முற்பகல், ஒருவர் பிற்பகல். யார் எது என்பதில் பதினாறு வருடமாக இருவருக்கும் கருத்து வேறுபாடு. பீட்டர் மணவாள நகர்வரை பைக்கில் போய்ப் பணி நியமன ஆணையை எடுத்து வந்து காட்டினார். முற்பகல் என்றிருந்தது. பீட்டருக்கு ஏழு, குணாவுக்கு எட்டு. அன்றிலிருந்து குணா யாரோடும் பேசவில்லை.

பத்தொன்பது எண்களும் தீர்மானமாக எழுதப்பட்டு, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். சாராளின் பேர் அதில் இல்லை.

"ஒப்பந்தக்காரங்க சீனியாரிட்டி லிஸ்ட்ல வர மாட்டாங்கம்மா" என்றார் கல்பனா, ஆறுதலாக. "மிச்சம் கீற எதுனா ஒரு நம்பர நீயே எடுத்துக்க."

விமல் சாராளை ஓரமாகக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது. "மேடம், ரவுட்டர் ஒண்ணாத்தான் இருக்கணும். அறுபத்தி ரெண்டாவது ஸ்லைடுல அப்படித்தான் போட்டிருக்கு. ஹெச்.எம்.மும் அதே நம்பர வெச்சிக்கிட்டா ரெண்டும் முட்டிக்கிட்டு மொத்தமும் நின்னுடும்."

"ரவுட்டருக்கு எந்த நம்பர் வேணா குடுக்கலாம் சார். வெளிய போற வாசல் இதான்னு எல்லா கம்ப்யூட்டர்லயும் அந்த நம்பர போட்டுட்டா போதும்."

விமல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நூற்று நாற்பது ஸ்லைடிலும் அது இல்லை.

சாராள் அன்புராஜிடம் போனாள். "சார், நீங்க ஒண்ணு வெச்சிக்கலாம். டப்பாவுக்கு வேற நம்பர் போட்டுடறேன்."

"கடைசி நம்பர் எவ்ளோ?"

"இருநூத்தி அம்பத்தி நாலு சார்."

"அத்த அதுக்குக் குடு. கடைசில கெடக்கட்டும்."

ஒன்றாம் நம்பர்காரரின் ஒவ்வொரு எழுத்தும் அந்தக் கடைசி நம்பரின் காலடியில் நுழைந்துதான் வெளியே போக வேண்டும் என்று சாராள் சொல்லவில்லை. சிரிப்பு வந்தது. துப்பட்டாவால் வாயைத் துடைப்பது போல மூடிக்கொண்டு இருநூற்றைம்பத்து நாலைத் தட்டினாள். தனக்கு இருபதை எடுத்துக்கொண்டாள். நாலாம் நாள் எல்லாக் கணினியும் ஓடின. அன்புராஜ் அதிகாரிக்குப் போன் போட்டு, "நானே பக்கத்துல நின்னு போட்டேங்கய்யா" என்றார். பக்கத்தில் நின்றது உண்மைதான்.

ஐந்தாம் நாள் பத்து மணிக்கு வர வேண்டிய அதிகாரி நாஷ்டா முடித்துக்கொண்டு பதினொன்றரைக்கு வந்தார். பன்னிரண்டரைக்கு கும்மிடிப்பூண்டியில் இன்னொரு பள்ளி பார்க்க வேண்டும் என்று வந்ததும் சொல்லிவிட்டார். மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். சாராள் கேபிளை எடுத்து மாட்டினாள். பத்து நிமிடம், பத்தே நிமிடம், அதற்குப் பிறகு இந்த வலை எரிந்துபோனாலும் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"அய்யாவுக்கு இன்னா நம்பர்?" என்று அன்புராஜ் காதோரம் கேட்டார்.

"இருபத்தொண்ணு காலியா கீது சார்."

"ஆபீசருக்கு இருபத்தொண்ணா? ஒனக்குக் கீழயா?" அவருக்கு மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. "ஒண்ணு குடு."

"அது உங்குளுது சார்."

"எனுதுதான். அய்யாவுக்கும் அதையே குடு. ஊட்டுக்கு வந்தவங்களுக்கு நம்ம நாற்காலிய குடுக்கறதில்லியா?"

"நாற்காலி குடுத்தா நாம எழுந்துக்கணும் சார்."

அன்புராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. விமலைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். விமல் மறுவார்த்தை பேசாமல் அதிகாரியின் மடிக்கணினியில் ஒன்று என்று போட்டுவிட்டார். சொன்னதைச் செய்கிற கம்பெனி.

திரையில் எச்சரிக்கை வந்தது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுப் படித்தார்.

"இந்த நம்பரை ஏற்கெனவே வேற யாரோ வெச்சிருக்காங்கன்னு வருதே. யாரு அது?"

யாரென்று இருபது பேருக்கும் தெரியும்.

விமல் தயங்கித் தயங்கி, "ஹெச்.எம். சார் ரெண்டுக்கு மாறிட்டா சரியாயிடும்" என்றார்.

"அப்ப நான் மூணா?" கல்பனா எழுந்தே விட்டார். "சீனியாரிட்டில என்ன எறக்கணும்னா ஆர்டர் வேணும் சார். வாயால சொன்னா எறங்க முடியாது."

மூன்றாம் நம்பர்காரர் நாலுக்குப் போக மாட்டேன் என்றார். நாலு, ஐந்தைப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து குணா, மூன்று நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "பிற்பகல்னு சொல்லி என்ன எட்டுல தள்ளுனீங்க. இப்ப ஒம்போதா? நடக்காது." தீர்மானத்தைத் திருத்த இன்னொரு கூட்டம் கூட்ட வேண்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதற்கு மூன்று நாள் முன்னறிவிப்பு தேவை என்று இன்னொருவர் விதி சொன்னார்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆரம்பிக்கறீங்களா, இல்ல தேறலைன்னு எழுதிக்கவா?" என்று பேனா மூடியைத் திருகினார்.

ஐந்து நாளாக இவர்கள் நசுக்கிப் போட்ட கனெக்டர்களைப் பொறுக்கியவள் சாராள். ஒவ்வொரு மேசைக்கும் அடியில் தவழ்ந்தவள் அவள். இப்போது இவர்களுடைய முற்பகலும் பிற்பகலும் அவள் சோற்றில் மண்ணை அள்ளிப் போடப் போகிறது. நடந்தாள். முன்வரிசையில் துணி விரித்த மேசைக்குப் போனாள். அன்புராஜின் கண் முன்னாலேயே அவருடைய கணினியின் பின்னாலிருந்து கேபிளைப் பிடித்து இழுத்தாள். 'க்ளிக்' என்று சின்னச் சத்தம் வந்தது.

"இப்ப பாருங்க சார்" என்றாள் அதிகாரியிடம்.

மடிக்கணினி இணைந்தது. பத்து நிமிடமும் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடியது. தேர்வில் ஓட வேண்டிய இருபது கணினிகளில் ஒன்று குறைகிறதே என்று அதிகாரி எண்ணிப் பார்க்கவில்லை; எண்ணுகிற அதிகாரியாக இருந்தால் அவர் பத்து மணிக்கே வந்திருப்பார். தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது திருப்தியாகச் சொன்னார்:

"இந்த ஒண்ணாம் நம்பரை எனக்கே வெச்சிருங்க. அடுத்த தடவை வரும்போது வேணும்."

"உத்தரவுங்கய்யா" என்று குனிந்தார் அன்புராஜ். நிமிரும்போது அவர் பார்வை சாராள் மேல்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை அவளுக்கு மெமோ வந்தது. 'உயர் அலுவலர் முன்னிலையில், தலைமையாசிரியரை எவ்வித முன்அனுமதியுமின்றிப் பள்ளி வலைப்பின்னலிலிருந்து துண்டித்தமைக்கு உரிய விளக்கத்தை மூன்று தினங்களுக்குள் எழுத்துப்பூர்வமாக அளிக்கவும்.' எழுதியது அன்புராஜ். அதைத் தட்டச்சு செய்யச் சொல்லி ஆய்வகத்துக்கு அனுப்பியதும் அவர்தான். சாராள் தன் மெமோவைத் தானே தட்டச்சு செய்து, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி, அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, கையெழுத்து வாங்கி, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் போட்டுத் தந்தாள்.

புதுப்பிப்புப் படிவம் அவர் மேசையில் பேப்பர் வெயிட்டுக்குக் கீழே கிடந்தது. தேர்ச்சிச் சான்று பின்னால் குத்தியிருந்தது. அவர் கையெழுத்து மட்டும் பாக்கி. அன்புராஜ் அதைத் தொடவில்லை. அவருடைய கணினி அறைக்குத் திரும்பியிருந்தது, ஆனால் எந்தக் கேபிளும் இல்லாமல் இருந்தது. ஒன்று அதிகாரிக்குப் போய்விட்டது. இரண்டை அவர் தொடத் தயாரில்லை.

சாராளின் கணவன் சாம்சன் உருக்காலையில் வேலை பார்க்கிறவன். ஷிப்ட் முடிந்து வந்தவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இன்னாத்துக்கு அந்த வயர புடுங்குன?" என்றான்.

"புடுங்கலன்னா ஃபெயிலு."

"புடுங்குனதால இப்ப சைன் இல்ல."

"ஆமா."

"பேஜாருதான்" என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான். அவனால் வேறு என்ன சொல்ல முடியும்? சாராள் தட்டைத் தள்ளி வைத்தாள். வேலை தெரியாமல் போயிருந்தால்கூட மனசு ஆறும். தெரிந்ததால் போகிறது என்றால் எப்படித் தாங்குவது?

மார்ச் இருபத்தெட்டாம் தேதி விளக்கக் கடிதத்தோடு அவர் அறைக்குள் போனாள். அன்புராஜ் அதை வாங்கிப் படிக்காமல் ஓரமாக வைத்தார். கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சாராளு, ஒண்ணுக்கு முன்னாடி இன்னா நம்பர் கீது?"

"ஜீரோ சார்."

"அத்த எனக்குப் போடு."

"அது எடுக்காது சார். தப்புன்னு சொல்லும்."

"யாரு சொல்றது?"

"கம்ப்யூட்டரு."

"முப்பத்தி மூணு வருஷ சர்வீஸ்ல நான் மேல ஏறிக்கினுதான் வந்தேன். ஒரு எடத்துலயும் எறங்குனதில்ல." அவர் பேப்பர் வெயிட்டை எடுத்து, படிவத்தைப் பார்த்து, திரும்ப அதன்மேலேயே வைத்தார். "நீ வெவரமான பொண்ணு. எதுனா வழி பண்ணு. பண்ணா நானும் பண்றேன்."

சாராள் நின்றாள். அந்த மனிதரைப் பார்க்க ஒரு நிமிடம் பாவமாகக்கூட இருந்தது. அடுத்த நிமிடம் பாவம் போய் வழி கிடைத்தது.

"சார், உங்குளுக்குன்னு தனி நெட்ஒர்க் போட்டுடலாம்."

"தனியான்னா?"

"இந்த ரூமுக்கு மட்டும். அதுல நீங்கதான் ஒண்ணு. வேற ஆரும் அந்த நம்பர கேக்க முடியாது."

"ஆபீசர் வந்தா?"

"அவராலயும் இதுக்குள்ள வர முடியாது சார்."

அன்புராஜின் முகத்தில் ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த வெளிச்சம் திரும்ப வந்தது. "போடு" என்றார்.

ஆய்வக அலமாரியிலிருந்து, கணினிகளை ஒன்றோடொன்று கோக்கிற பழைய ஸ்விட்ச் பெட்டி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தாள். கணினிக்குப் பக்கத்தில் வைத்து, முழ நீளக் கேபிளால் இரண்டையும் இணைத்தாள். மின்சார வயரைத் தவிர ஸ்விட்சிலிருந்து வேறு எங்கும் எந்த வயரும் போகவில்லை. எண்ணைத் தட்டினாள். பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிய ஆரம்பித்தது. ஐந்து நிமிட வேலை.

அன்புராஜ் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். கீழ் மூலையில் இணையம் இல்லை என்பதற்கான உருண்டைக் குறி தெரிந்தது.

"இது இன்னா உருண்டை?"

"வெளியாளுங்க ஆரும் உள்ள வர முடியாதுன்னு அர்த்தம் சார்."

"அவ்ளோ பாதுகாப்பா?"

"இதுக்கு மேல பாதுகாப்பே கெடையாது சார்."

"இதுல ரெண்டாவது ஆரு?"

"ஆருமே இல்ல சார். நீங்க மட்டுந்தான்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். சட்டைப்பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்தார். படிவத்தில் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, முத்திரையும் குத்தினார். மெமோவை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். சாராள் படிவத்தை எடுத்துக்கொண்டு திரும்பியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"கல்பனா டீச்சர் கேட்டா இந்த மாதிரி குடுத்துடாத. இது ஹெச்.எம்.முக்கு மட்டும்."

"சரிங்க சார்."

ஏப்ரல் முதல் வாரத்தில் கல்பனா டீச்சர் கேட்டார். அவருக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தாள். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் குணா வந்து, பீட்டருக்குத் தெரியாமல் தனக்கும் ஒன்றாம் நம்பர் வேண்டும் என்றார். அதற்கடுத்த நாள் பீட்டர் வந்தார். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு கழித்துப்போட்ட பழைய கணினி, ஆளுக்கொரு பச்சை விளக்கு, ஆளுக்கொரு ஒன்றாம் நம்பர். அவர்கள் பார்க்கிற வீடியோவெல்லாம் கைபேசியில் வருவதால் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு இணையம் இவ்வளவு வேகமாக அதற்கு முன்னால் வந்ததே இல்லை.